வாசலில் வைத்த கத்திகள்

மலையடிவாரத்தில் சீனியம்மாள் நடத்திய கஞ்சி மடத்துக்குள் யாரும் கத்தியோடு போகக் கூடாது. வாசலில் புங்கமரத்தடியில் ஓர் ஓலைப் பெட்டி இருக்கும். மடியிலோ பையிலோ கத்தி வைத்திருப்பவர்கள் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழக்கத்தை உண்டாக்கியது சீனியம்மாள் அல்ல. அவளுடைய சீடர் சங்கிலி.

சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முப்பத்தொரு வருஷம் போலீஸில் வேலை பார்த்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் இல்லை. எல்லோருக்கும் அவர் ஏட்டையா. சீனியம்மாள் மட்டும் 'அண்ணே' என்பாள். அவர் அவளைத் 'தாயி' என்பார்.

இருவருக்கும் பழைய பழக்கம் உண்டு. நூல் மில் வேலைநிறுத்தத்தில் அவளைக் கைது செய்ததே அவர்தான். அவள் இடுப்பில் நூல் அறுக்கும் மடக்குக் கத்தி ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நீளம். அதைப் 'பயங்கர ஆயுதம்' என்று எழுதினார். பதினோரு மாதம் உள்ளே இருந்தாள். அன்று தொழிலாளிகள் உள்ளே வரக் கூடாது என்று மில் கதவில் ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். அதுவும் இரும்புதான். அதை யாரும் எதிலும் எழுதவில்லை.

ஓய்வு பெற்ற மறுவருஷம் சங்கிலி மடத்து வாசலில் வந்து நின்றார். சீனியம்மாளுக்கு அவரை அடையாளம் தெரிந்தது.

"வாங்கண்ணே. கஞ்சி குடிச்சிட்டுப் பேசலாம்."

குடித்தார். பேசவில்லை. பாத்திரம் கழுவினார். அப்படியே நான்கு வருஷம் தங்கிவிட்டார்.

வந்த புதிதில் ஒருநாள் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சங்கிலி எதிரே உட்கார்ந்தார்.

"தாயி, வர்றவன்ல பாதிப் பேரு மடியில கத்தியோட உக்காந்திருக்கான். இது புண்ணியமான எடம். வாசல்லயே வாங்கி வச்சிரவா?"

அவள் நிமிரவில்லை.

"உங்களுக்குச் சரின்னு பட்டாச் செய்யுங்க."

அதை அவர் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் சந்தையில் ஓலைப் பெட்டி வாங்கினார்.

வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் வரும். சங்கிலி பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவார். ஒவ்வொரு கத்தியாகக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, விரித்து மூடிப் பெட்டியில் வைப்பார். கொஞ்ச நாளில் கத்தியைப் பார்த்தே ஆளைச் சொல்லுகிற பழக்கம் வந்துவிட்டது. போலீஸ் மூளை, சும்மா இருக்காது.

மூக்கு வளைந்த மடக்குக் கத்தி என்றால் வாழைத் தோப்பில் வேலை. இலை அறுக்கவும் நார் கிழிக்கவும் அந்த வளைவுதான் தோது. அலகு அகலமாக, பிடி ஆட்டுக் கொம்பில் இருந்தால் வயலில் ஆட்டுக் கிடை போடுகிறவர், குளம்பு சீவுவதற்கு. இரண்டு அலகு உள்ள பேனாக்கத்தி வாத்தியாருடையது. அதில் ஓர் அலகு பென்சிலுக்கு, இன்னோர் அலகை அவர் திறந்ததே இல்லை. பித்தான் அழுத்தினால் படக்கென்று விரியும் கத்தி சந்தையில் சும்மா சுற்றுகிற பையன்களுடையது. அதில் வெட்டினால் வெண்டைக்காய்கூட நசுங்கும். அது வெட்டுவதற்கு இல்லை, சத்தத்துக்கு.

வெற்றிலை போடும் கிழவி ஒருத்தி பாக்குவெட்டியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டையா, வாயில இன்னும் ரெண்டு பல்லு இருக்கு. அதையும் கழட்டித் தரணுமா?"

கூட்டம் சிரித்தது. சங்கிலியும் சிரித்தார். ஆனால் பாக்குவெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நூல் மில்லில் வேலை பார்க்கும் பேச்சி என்ற பெண்ணின் சுருக்குப் பையில் ஒரு சின்னக் கத்தி இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"நூல் அறுக்க ஏட்டையா."

"மில்லுல அதுக்குக் கத்தரி குடுப்பாங்களே."

"குடுப்பாங்க," என்றாள். கத்தியைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு சங்கிலி குருவிடம் கேட்டார்.

"தாயி, எந்தக் கத்தி யாரோடதுன்னு இப்ப எனக்கு அத்துபடி. ஒண்ணு மட்டும் வெளங்கல. வேல இருக்குற நாள்ல வச்சிருக்கான், சரி. வேலையில்லாத நாள்லயும் மடியிலயே வச்சிருக்கானே, ஏன்?"

சீனியம்மாள் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுல தூங்கப் போறப்ப கதவத் தாப்பாப் போடுவீங்களாண்ணே?"

"போடாம?"

"கதவில்லாதவன் என்ன செய்வான்?"

சங்கிலி யோசித்தார்.

"ஒரு கதவு செஞ்சு மாட்டிக்கிற வேண்டியதுதான்."

சீனியம்மாள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு சாம்பல் கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனாள். சரியான பதிலைச் சொல்லிவிட்டதாகச் சங்கிலி நினைத்துக்கொண்டார்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். வியாழக்கிழமை உச்சிவெயிலில் ஒருவன் வந்தான். நாற்பது வயது, தோளில் ஒரு துணிப்பை. காலில் வாழைக்கறை.

"ஏட்டையா, என் பேரு வீரணன். ஆத்துக்கு அந்தப்பக்கம் வாழைத்தோட்டத்துல தாரு வெட்டுற ஆளு. நாலு நாளைக்கு இங்கன தங்கிக்கிறேன்."

"என்ன விஷயம்?"

வீரணன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். அந்தத் தோட்டத்தில் கூலி உயர்த்திக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் முதலாளியின் ஆட்கள் இவர்கள் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். உள்ளே படுத்திருந்த ஒரு தாயும் பிள்ளையும் கரிந்துபோனார்கள். தீ வைத்தவர்களைப் பார்த்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேருக்கு இப்போது எதுவும் ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை கோர்ட்டு. வீரணன் போய்ச் சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

"பாதுகாப்புக்குப் போலீஸ் போடலையா?" என்றார் சங்கிலி.

"போட்டாங்க. ஒருத்தர் வந்தாரு. கோழிக்கொழம்பு கேட்டாரு. இல்லைன்னதும் போயிட்டாரு."

சங்கிலிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை.

"சரி, தங்கிக்க. கத்தி இருந்தா இதுல போடு."

வீரணன் மடியைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"ஏட்டையா, இது மட்டும் எங்கிட்ட இருக்கட்டுமே. திங்கக்கெழம வரைக்கும்."

"எல்லாருக்கும் ஒரே சட்டம் வீரணா. உனக்குன்னு தனியா வைக்க முடியுமா?"

"நான் யாரையும் குத்த மாட்டேன்."

"குத்துறவன் குத்துவேன்னு சொல்லிட்டா வருவான்? முப்பத்தோரு வருஷம் இதே பாட்டத்தான் கேட்டிருக்கேன்."

வீரணன் உள்ளே பார்த்தான். அடுப்படியில் சீனியம்மாள் அகப்பையோடு நின்றிருந்தாள். அவள் கண் இவர்கள்மேல்தான் இருந்தது. ஏதாவது சொல்வாள் என்று வீரணன் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை.

அவன் மடியிலிருந்து கத்தியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தான்.

மூக்கு வளைந்த கத்திதான். சங்கிலி விரித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட! நீ இடக்கைக்காரனா?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"எல்லா வாழைக்கத்திக்கும் சாணை ஒரு பக்கந்தான் ஏறியிருக்கும். வலக்கைக்காரனுக்கு வலப்பக்கம். இதுல இடப்பக்கம். நாலு வருஷத்துல இப்படி ஒண்ணு இப்பத்தான் கையில வருது."

"கொல்லன்கிட்டச் சொல்லி எனக்குன்னு செஞ்சதுங்க."

"நல்ல கத்தி," என்று சொல்லி மூடிப் பெட்டியில் வைத்தார்.

வீரணன் மடத்தின் பின்கட்டில் தங்கினான். விறகு பிளந்தான். கோடாலி மட்டும் சங்கிலியின் சட்டத்தில் கத்தி இல்லை. பொழுது சாய்ந்ததும் அதையும் வாங்கி உள்ளே வைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தோடு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. செருப்பை ஓரமாகக் கழற்றி ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார். வியாபார விஷயமாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார்.

"கத்தி இருந்தா இதுல போட்டுருங்க சார். மடத்து வழக்கம்."

"கத்தியா? நமக்கெல்லாம் எதுக்குங்க கத்தி?"

சட்டைப் பையில் கைக்குட்டை, பேனா, செல்போன். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். சங்கிலிக்கு மரியாதை வந்தது. வேலையில் இருந்தபோது ஆயிரக்கணக்கான பைகளைச் சோதித்தவர். பெரிய மனிதர்கள் பையில் கத்தி இருந்ததே இல்லை. அது நல்ல குணத்துக்கு அடையாளம் என்றே அவர் நினைத்து வந்தார். கத்திக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்திருப்பவன் தானும் ஒன்றை எதற்குச் சுமக்க வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முக்காலியை நகர்த்தி அவருக்குக் கொடுத்தார்.

"இத்தனை கத்தி. எது யாரோடதுன்னு எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்றுதான் சங்கிலி நான்கு வருஷமாகக் காத்திருந்தார் போல.

"ஞாபகம் எதுக்கு சார்? கத்தியே பேசும். இதப் பாருங்க, கொம்புப் பிடி. கெடை போடுறவரு. அதோ, தலப்பா கட்டியிருக்காரே அவருது. இது வாத்தியாரு. இது அந்த மில்லுப் பொண்ணு."

"பிரமாதம் ஏட்டையா. இதெல்லாம் போலீஸ் பயிற்சியில சொல்லிக் குடுப்பாங்களா?"

"சொல்லிக் குடுத்து வர்றதில்ல சார். கண்ணு வேணும். இதப் பாருங்க. இது என்ன?"

"வாழைக்கத்தி மாதிரி இருக்கு."

"வாழைக்கத்திதான். ஆனா சாணையப் பாருங்க. இடப்பக்கம். ஆளு இடக்கைக்காரன்."

வெள்ளைச் சட்டைக்காரர் கத்தியைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் அலகைத் தடவினார்.

"அடடே. இவரு இங்கதான் இருக்காரா?"

"நேத்து வந்தான். பின்கட்டுலதான் இருக்கான். திங்கக்கெழம வரைக்கும் இருப்பான்."

"கத்தி இல்லாம அவருக்கு ஒருமாதிரி இருக்குமே."

"இருக்கும். ஆனா சட்டம் சட்டந்தானே சார்."

"அதுவும் சரிதான்."

கத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கஞ்சி குடிக்கலையா சார்?"

"இன்னொரு நாள் வர்றேன் ஏட்டையா. உங்களப் பாத்ததே போதும்."

அன்று முழுவதும் சங்கிலி சந்தோஷமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீரணன் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனான். மறுநாள் கோர்ட்டுக்குப் போட வேண்டிய சட்டையைத் துவைத்துக் காயப்போட வேண்டும் என்று அதையும் எடுத்துப் போனான். கஞ்சி ஆறிப்போன பிறகும் வரவில்லை. கிடை போடுகிற தலைப்பாக்காரர்தான் ஓடி வந்தார். ஓட்டத்தில் தலைப்பா அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"ஏட்டையா, மதகுகிட்ட வாங்க. சீக்கிரம்."

மதகுக் கம்பியில் சிக்கிக் கிடந்தான் வீரணன். இடுப்பளவு தண்ணீர். இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள். சங்கிலி கரையில் குனிந்து பார்த்தார். உடம்பில் வெட்டு இல்லை, குத்து இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இறுக்கிய தடம் மட்டும் சிவப்பாக இருந்தது. அந்தத் தடத்தில் வாழைநார் இழை ஒன்று ஒட்டியிருந்தது.

நாரை அறுக்க ஒரு நொடி போதும். அதற்குரிய கத்தி புங்கமரத்தடியில், ஓலைப் பெட்டியில், பத்திரமாக இருந்தது.

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். சின்ன வயது. சங்கிலியைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார்.

"நீங்க இருக்கீங்களா ஏட்டையா. நல்லதாப் போச்சு."

ஜீப்பின் பின்சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். சங்கிலியைப் பார்த்துத் தெரிந்தவரைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தார்.

"அவரு யாரு?" என்றார் சங்கிலி.

"வாழைத்தோட்டத்து மேனேஜர். ஆளு அவங்க தோட்டத்துல வேல பாத்தவன்ல? அடையாளம் காட்டக் கூட்டிட்டு வந்தேன்."

"கையில தடம் இருக்கு சார்."

"தண்ணிக்குள்ள கொடி கெடக்குது ஏட்டையா. சுத்தியிருக்கும். கரையெல்லாம் பாசி. நீங்க பாக்காததா?" காகிதம் செருகிய எழுதும் அட்டை ஒன்றை நீட்டினார். "பஞ்சாயத்தார் விசாரணை எழுதணும். என் ரைட்டர் எழுதினா பத்து எடத்துல அடிப்பான். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு ஸ்டேஷன்ல இன்னைக்கும் சொல்றாங்க. நீங்களே எழுதி, மொத சாட்சியாக் கையெழுத்தும் போட்டுருங்க."

சங்கிலி பேனாவை வாங்கினார். என்ன எழுதுவது என்று அவர் முடிவு செய்யவில்லை. கை தானாக எழுதத் தொடங்கியது. தேதி, இடம், இறந்தவர் பெயர். அப்புறம், 'கால் தவறி'. அந்த இரண்டு வார்த்தையை எழுதிய பிறகுதான் என்ன எழுதுகிறோம் என்று பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கை இதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறது. கிணற்றில் கால் தவறி. லாக்கப் குளியலறையில் கால் தவறி. ஏழைகளின் கால் இந்த நாட்டில் தவறுவதுபோல வேறு எந்த நாட்டிலும் தவறியிருக்காது.

"கண்ணாடி மடத்துல இருக்கு சார்," என்றார்.

கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நிதானமா எழுதுங்க. நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டாந்துருங்க. உங்க பென்ஷன், உங்க நிம்மதி. எதுக்கு ஏட்டையா வம்பு?"

சங்கிலி அட்டையோடு மடத்துக்குத் திரும்பினார். அதற்குள் சேதி சுற்றியிருந்த ஐந்து ஊருக்கும் பரவியிருந்தது. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அன்று யாரும் பெட்டியில் கத்தி போடவில்லை. சங்கிலியும் கேட்கவில்லை. முந்தின வெள்ளிக்கிழமை மறந்து விட்டுப் போனவர்கள் மட்டும் பெட்டியைக் கிளறித் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சி தன் சின்னக் கத்தியை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டாள். போகாமல் நின்றாள்.

"ஏட்டையா, நூல் அறுக்கன்னு அன்னைக்குச் சொன்னது பொய்."

அவர் நிமிர்ந்தார்.

"மில்லுல மேஸ்திரி ஒருத்தன் இருக்கான். நூல் கிடங்குக்கு என்னைய மட்டும் தனியா அனுப்புவான். இது இடுப்புல இருக்குறது அவனுக்குத் தெரியும். நாலு வருஷமா இதத் தொறந்ததே இல்ல. தொறக்கத் தெரியுமான்னுகூட எனக்குத் தெரியாது." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "போன வெள்ளிக்கெழம இங்க மறந்து வச்சிட்டுப் போயிட்டேன். சனிக்கெழம வேலைக்குப் போகல. ஒருநாள் சம்பளம் போச்சு."

கிடைக்காரர் பக்கத்தில்தான் நின்றார்.

"எனக்கு நெசமாவே குளம்பு சீவத்தான் ஏட்டையா," என்றார். "ஆனா ஒண்ணு. இது மடியில இருக்குறப்ப வனக்காவலன் என்னைய 'யோவ்'ங்கிறான். இல்லாதப்ப 'டேய்'ங்கிறான்."

எல்லோரும் போனார்கள். பெட்டியில் ஒரே ஒரு கத்தி மிஞ்சியது.

சீனியம்மாள் அடுப்பு மூட்டவில்லை. வீரணன் பிளந்து அடுக்கிய விறகின்முன் உட்கார்ந்திருந்தாள். சங்கிலி அவளெதிரே வந்து மண்ணில் உட்கார்ந்தார். மேனேஜர் வந்ததையும், தான் கத்தியைக் காட்டிப் பெருமையடித்ததையும், எதையும் விடாமல் சொன்னார். அட்டையைத் தரையில் வைத்தார்.

"நாந்தான் தாயி காட்டிக் குடுத்தேன்."

"ஆமா."

"ஆயுதத்தயும் நாந்தான் பிடுங்கினேன்."

"ஆமா."

அவள் மறுப்பாள் என்று அவருக்குள் எங்கோ ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அது போனதும் அழுதார். அவர் அழுது முடியும்வரை சீனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு அவன் கத்தியக் குடுக்குறப்ப என்னையப் பாத்தான்."

"பாத்தான்."

"குடுக்காதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வச்சிருப்பான். ஏன் சொல்லல தெரியுமா?"

தெரியாது என்று சங்கிலி தலையை ஆட்டினார்.

"நீங்களா ஒருநாள் தெரிஞ்சுக்குவீங்கன்னு இருந்தேன். சொல்லிக் குடுத்து வர்ற புத்தி நிக்காதுன்னு பெருசா ஒரு நெனப்பு. என் சீடன் பாடம் படிக்கட்டும்னு இன்னொருத்தன் உசுர வச்சுக் காத்துக்கிட்டிருந்திருக்கேன். பெட்டிய வச்சது நீங்க. வைக்க விட்டது நான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

"இப்ப நான் என்ன செய்யட்டும் தாயி?"

"நாளைக்கு என்ன கெழம?"

"திங்க."

"கோர்ட்டு இருக்குல்ல?"

சங்கிலி தரையில் கிடந்த அட்டையைப் பார்த்தார்.

"தீ வச்சத நான் பாக்கலையே தாயி."

"தீ வச்சதப் பாத்தவன் எப்படிச் செத்தான்னு பாத்தீங்க. யாரு வந்து கேட்டான்னு தெரியும். யாரு சொன்னான்னும் தெரியும்."

"அதச் சொன்னா என்னையும் மதகுல கட்டிப் போடுவானுங்க."

"போடலாம்."

"பென்ஷன நிறுத்துவானுங்க. ஊரே காறித் துப்பும். ஏட்டையா உளறி ஒருத்தனக் கொன்னாருன்னு."

"துப்பட்டும். நடந்தது அதானே?"

அவர் அட்டையை எடுத்தார். 'கால் தவறி' என்று எழுதியதையே வெகுநேரம் பார்த்தார். கையெழுத்து உண்மையிலேயே முத்து முத்தாகத்தான் இருந்தது. காகிதத்தை உருவி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. அதையும் கோர்ட்டில் காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை விடியற்காலையில் முதல் பஸ் ஆறு மணிக்கு. சங்கிலி குளித்து வெள்ளைச் சட்டை போட்டார். உடனே அதைக் கழற்றிவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது சீனியம்மாள் துணிப்பையோடு புங்கமரத்தடியில் நின்றிருந்தாள். மடத்தைச் சாத்தியிருந்தாள்.

"நீயுமா தாயி?"

"நானுந்தான் பாத்துக்கிட்டு நின்னவ. எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு."

சங்கிலி பெட்டிக்குள் கையை விட்டு வீரணனின் கத்தியை எடுத்தார். மடியில் செருகப் போனார்.

"இத வச்சுக்கிறவா தாயி? பயமா இருக்கு."

"வச்சுக்கங்க. வழியெல்லாம் இருக்கட்டும். கோர்ட்டு வாசல்ல ஒருத்தன் பெட்டியோட உக்காந்திருப்பான், அவன்கிட்டக் குடுத்தாத்தான் உள்ள விடுவாங்க."

இருவரும் வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். மதகு வந்தது. அங்கே தண்ணீர் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. கரையில் வீரணன் துவைத்த சட்டை புல்லின்மேல் விரித்தபடியே காய்ந்து கிடந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை. சீனியம்மாள் குனிந்து எடுத்து, உதறி, மடித்துப் பையில் வைத்தாள்.

ரோட்டை நெருங்கும்போது சங்கிலி நின்றுவிட்டார். தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

"தாயி."

"சொல்லுங்கண்ணே."

"முப்பத்தோரு வருஷம் அதே கோர்ட்டுல, அதே கூண்டுல ஏறி, பொய்தான் சொல்லியிருக்கேன். அங்க இருக்குற வக்கீலுக்கெல்லாம் அது தெரியும். இன்னைக்கு ஒருநாள் உண்மையச் சொன்னா நம்புவாங்களா?"

சீனியம்மாள் பஸ்ஸை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"நம்ப மாட்டாங்க. ஏறுங்கண்ணே."